விரல் நீட்டும் பலகை

முன்னொரு காலத்தில், இறந்தவர்களிடமும் அரசர்கள் சாட்சி கேட்ட காலத்தில், ஒரு நாட்டைச் செண்பகவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் வேட்டைக்குப் போயிருந்தபோது அவனுடைய வயதான தந்தை இறந்துபோனார். காட்டிலிருந்து ஓடிவந்த அரசன் கண்டது, ஒரு சதுரப் பலகையில் உட்காரவைத்து மஞ்சள்நீர் ஊற்றிக்கொண்டிருந்த உடலைத்தான்.

"யார் கொன்றது?" என்று கேட்டான்.

"யாரும் கொல்லவில்லை, அரசே. வயது முடிந்தது" என்றார் அரண்மனை வைத்தியர் அகத்தீசர்.

அந்தப் பதில் அரசனுக்குப் பிடிக்கவில்லை. வேறு பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தான். சபையின் ஆரூடக்காரன் சங்குபாணி.

"அரசே, கடைசிக் குளியல் நீரை இந்தப் பலகை குடித்திருக்கிறது. கொன்றவன் யாரென்று இதற்குத் தெரியும். கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்லும்" என்றான் அவன்.

கேட்கிற விதம் இதுதான். பலகையின் அடியில் ஒரு கட்டையைக் கயிற்றால் பிணைத்து, கட்டையின் கூர்முனையைச் சபை நடுவிலிருந்த கல்குழியில் நிறுத்தினார்கள். ஒரு மூலைக்குச் சங்குபாணி தன் கையாலேயே சிந்தூரம் பூசினான். அமாவாசை நண்பகலில் கதவுகளைச் சாத்திவிட்டு, யார் பலகைக்கு எதிரில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று அவனே காட்டி, பலகையைச் சுழற்றினான்.

சுழலத் தொடங்கியதும் நான்கு மூலைகளும் காணாமல் போயின. பலகையைச் சுற்றிப் புகை போல ஒரு வளையம் மட்டும் தெரிந்தது. அந்தப் புகைக்குள் பெரியவரின் முகம் தெரிந்ததாகச் சிலர் சொன்னார்கள். முகம் தெரிந்ததோ இல்லையோ, ஓர் ஓசை எல்லோருக்கும் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச முயல்கிற ஒருவரின் ஓசை.

பலகை நின்றது. சிவந்த மூலை வைத்தியர் அகத்தீசரைக் காட்டியது. அவரைப் பாதாளச் சிறைக்கு இழுத்துப்போனார்கள்.

ஒரு கொலைகாரன் போதும் என்று அரசன் நினைக்கவில்லை. துணைக்கு யாரும் இருந்திருப்பார்களோ என்று ஒவ்வொரு அமாவாசையும் கேட்டான். சமையல் கண்காணி போனார். பெரியவரின் பல்லக்குத் தூக்கிகளில் ஒருவன் போனான். சங்குபாணியோடு ஒரு முறையாவது வாய்த்தகராறு செய்தவர்கள்தான் போகிறார்கள் என்பதைச் சபையில் ஒருவன் மட்டும் கவனித்தான். அவன்தான் விகடன் இடும்பன். சபைக்கு வருமுன் அவன் தகப்பனாரோடு கடைசல் பட்டறையில் மரம் கடைந்தவன். பெரியவரைச் சிரிக்கவைத்துத்தான் அரண்மனைக்குள் நுழைந்தான். அவர் போனபிறகு அவன் சொன்ன எதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

ஓர் அமாவாசையன்று பலகை வேகமாகச் சுழலும்போது கயிறு நழுவிவிட்டது. புகை வளையமாகச் சுழன்ற பலகை தட்டுத்தடுமாறி எழுந்து பறந்தது. ஒரு காவலனின் தாடையை உடைத்துவிட்டுத் தூணில் மோதி விழுந்தது.

"பெரியவருக்குக் கோபம்" என்று முணுமுணுத்தான் சங்குபாணி. அவன் பார்வை இடும்பனிடம் போய் நின்றது. "குற்றவாளி இன்னும் எதிரில் உட்காரவில்லை என்று கோபம். அரசே, இடும்பன் மரம் கடைகிற குடும்பம். அவனே இதைச் சரிசெய்யட்டும். அடுத்த முறை அவனே எதிரில் உட்காரட்டும்."

அரசன் தலையசைத்தான். "இடும்பா, என் தந்தை அமர்ந்த பலகை அது. ஆணி இறங்கக் கூடாது, துளை விழக் கூடாது. ஆனால் ஆடாமல் சுழல வேண்டும். மறுபடி நழுவினால் உன் தலை நழுவும்."

நழுவினால் தலை. நழுவாவிட்டால் சிவந்த மூலை. இடும்பன் கைகூப்பிக் கேட்டான்: "அரசே, எதனால் ஆடுகிறதோ அதை நீக்கிவிடலாமா?"

"நீக்கு. ஆட்டம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"இதைச் சபை கேட்டதா?"

"கேட்டது" என்றான் அரசன் எரிச்சலோடு.

இடும்பன் பலகையைத் துணியில் சுற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். தகப்பனாரின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் பூட்டிக்கிடந்தது. அவன் மனைவி பூவாயி கதவைத் திறந்துவிட்டு, துணிக்குள் இருப்பதைக் கண்டதும் பின்வாங்கினாள்.

"ஏங்க, பொணம் குளிச்ச பலகையையா வீட்டுக்குள்ள கொண்டாந்தீங்க?"

"நான் கொண்டாரலைன்னா அது என்னைக் கொண்டுபோயிரும், பூவாயி. அரக்கு இருக்கா பாரு."

ஆணியில்லாமல் பலகையைப் பிடிக்க அவனுக்கு ஒரு வழி தெரியும். உருண்டையான கட்டையொன்றின் முகத்தைச் சமமாக்கி, அதில் உருக்கிய அரக்கைத் தடவி, பலகையின் நடுவில் அழுத்தி ஒட்டினான். ஆறும்வரை மேலே அம்மிக்கல்லை ஏற்றிவைத்தான். பிறகு கட்டையைக் கடைசல் அச்சில் பொருத்தினான். இப்போது பலகை வண்டிச் சக்கரம் போல நிமிர்ந்து நின்றது.

பூவாயி அச்சில் சுற்றிய கயிற்றை இழுத்தாள். பலகை சுழன்றது. பட்டறை முழுவதும் நடுங்கியது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. புகை வளையம் மறுபடி தோன்ற, செருமுகிற அந்த ஓசை இருவருக்கும் கேட்டது. பூவாயி கயிற்றை விட்டுவிட்டாள். பலகை தானாகவே தயங்கித் தயங்கி நின்றது. சிவந்த மூலை கீழே இருந்தது.

இடும்பன் அதைக் கையால் திருப்பி மேலே விட்டான். அது மெதுவாக இறங்கி மறுபடி கீழே போய் நின்றது. பக்கவாட்டில் திருப்பினான். அப்போதும் கீழே.

"தரையைக் காட்டுதுங்க" என்றாள் பூவாயி கம்மிய குரலில். "தரைக்குக் கீழ யாரு இருக்கா?"

"சிறையில இருக்கிறவங்க" என்றான் இடும்பன். சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்தான். நான்கு மூலைகளையும் அறுத்தான். மூன்றை எளிதாக அறுத்துவிட்டான். சிவந்த மூலையில் மட்டும் ரம்பத்தின் பல் எதிலோ மோதிக் கிரீச்சிட்டது. கொஞ்சம் தள்ளி வைத்து அறுத்தான். விழுந்த துண்டைக் கையில் எடுத்தவன் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"இழு, பூவாயி."

உளியை வைத்தான். மிச்சமிருந்த முனைகள் உளியில் பட்டு, தட், தட், தட் என்று உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது. காய்ந்த மரத்திலிருந்து மஞ்சளின் ஈரவாடை எழுந்தது. பூவாயி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். சுருள் சுருளாக மரம் உதிர உதிரத் தட்டுகிற ஓசை தேய்ந்தது. கடைசியில் ஒன்றும் கேட்கவில்லை. பலகை சுழல்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி.

அமாவாசை நண்பகல். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. சபையில் சிவந்த மூலை வழக்கமாக வந்து நிற்கும் இடத்தில் இடும்பன் உட்கார்ந்திருந்தான். எதிரே கல்குழியில் கட்டை ஊன்றியிருந்தது. அதன்மேல் துணி மூடியிருந்தது. சங்குபாணி துணியை இழுத்தான். அப்படியே நின்றுவிட்டான்.

துணிக்கடியில் நிலவு போல வட்டமான ஒரு பலகை இருந்தது.

"இடும்பா!" அரசன் எழுந்துவிட்டான். "மூலைகள் எங்கே?"

"அரசே, எதனால் ஆடுகிறதோ அதை நீக்கச் சொன்னீர்கள். மூலைகளால் ஆடியது. நீக்கினேன். ஆணியும் இல்லை, துளையும் இல்லை. சுழற்றிப் பாருங்கள்."

அரசனே சுழற்றினான். பலகை இம்மியும் ஆடவில்லை. ஓசையில்லாமல் சுழன்றது.

"சாட்சியின் விரலை வெட்டிவிட்டான்!" என்று கத்தினான் சங்குபாணி. "குற்றவாளி இவன்தான்!"

"விரல்கள் பத்திரமாக இருக்கின்றன" என்றான் இடும்பன். மடியிலிருந்து நான்கு மூலைத்துண்டுகளை எடுத்தான். தராசு கொண்டுவரச் சொன்னான். மூன்று துண்டுகளை ஒரு தட்டிலும் சிவந்த துண்டை மறு தட்டிலும் வைத்தான். சிவந்த துண்டின் தட்டு 'டொக்' என்று தரையில் இடித்தது.

அதை எடுத்து உளியால் பிளந்தான். சிந்தூரத்துக்கு அடியில் ஒரு மரத்தக்கை. தக்கைக்குப் பின்னால் ஓர் ஈயக்குண்டு. அது உருண்டு கல்குழியைச் சுற்றி ஓடி, இடும்பன் உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து நின்றது.

"தரை இந்தப் பக்கம் சரிவு, அரசே. கனமான மூலை சரிவுக்குத்தான் வரும். இங்கே யாரை உட்காரவைப்பது என்பதைப் பலகை முடிவுசெய்யவில்லை."

அரசன் சங்குபாணியைப் பார்த்தான். "ஏன்?"

சங்குபாணி ஓடவில்லை. களைத்துப்போனவன் போல நின்றான். "நீங்கள் ஒரு கொலைகாரனைக் கேட்டீர்கள், அரசே. யாரும் கொல்லவில்லை என்று ஒருவர் சொன்னாரே, அவரை நீங்கள் நம்பினீர்களா?"

காவலர்கள் அவனைப் பிடித்தார்கள். அப்போதுதான் சபை ஒன்றைக் கவனித்தது. பலகை இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. எப்போதோ நின்றிருக்க வேண்டும். வேகம் குறையவே இல்லை.

அரசன் அதன் அருகில் போய்க் குனிந்தான். "நான் அன்று காட்டில் இருந்தேன், அப்பா" என்றான் மெல்ல.

யாரும் தொடாமலே பலகை நின்றது.

அரசன் நிமிர்ந்து கேட்டான்: "இடும்பா, அப்படியானால் அவர் ஒன்றுமே சொல்லவில்லையா? அந்த ஓசை?"

"சொல்லியிருக்கலாம், அரசே. ஆனால் கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு பல்கூட இல்லை. உயிரோடு இருந்தபோது பேசியதே நமக்குப் பாதி புரியாது. அவர் மாங்காய் கேட்டபோது மகாராணியார் மத்தளம் கொண்டுவரச் சொல்லவில்லையா?"

அரசனுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு சிரித்தான். தந்தை போனபிறகு முதல்முறையாக, கண்ணில் நீர் வழிய, அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றான்.

"பாதாளச் சிறையின் சாவி" என்றான் இடும்பன்.

சிறையிலிருந்தவர்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தார்கள். வைத்தியர் அகத்தீசரை இடும்பன் தாங்கிக்கொண்டான். வெளிச்சம் பழகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற அந்தக் கிழவரின் முன்னால் அரசன் மண்டியிட்டான்.

"முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது, வைத்தியரே. கடைசியில் அவர் என்ன சொன்னார்?"

"கஞ்சி கேட்டார், அரசே. உப்பு கொஞ்சம் தூக்கலாகக் கேட்டார். குடித்துவிட்டு, 'பிள்ளை வந்ததும் என்னை எழுப்பு' என்று சொல்லிவிட்டுப் படுத்தார்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இடும்பனுக்கு அப்போது ஒரு வேடிக்கைப் பேச்சும் தோன்றவில்லை. சாத்தியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் போய்த் திறந்துவிட்டான்.