முள்ளங்கி வைத்தியம்

மலேசியாவின் ஈப்போ நகரில் சந்தைக்கு எதிரே சீன மருந்துக் கடை வைத்திருந்தார் லிம் சியூ மே. வயது நாற்பது. ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவரிடம் வைத்தியம் கற்க வந்த குணசீலனுக்கு அறுபத்து மூன்று வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுக்காரியை 'டீச்சர்' என்று அழைக்க அவர் ஒருநாளும் கூசியதில்லை. ஆர்வம் அப்படி, அவசரமும் அதற்குக் குறைந்ததில்லை.

அவர் மனைவி பரிமளம் சில மாதங்களாகச் சோர்ந்து போயிருந்தார். நின்றால் கிறுகிறுப்பு வந்தது. குணசீலன் கைப்பேசியில் தேடித்தேடி ஜின்செங் வேர்ச்சாறும் மான்கொம்புப் பொடியும் வரவழைத்தார். எல்லாம் கிழித்து ஊற்றிக் குடிக்கிற பொட்டலங்கள். இழந்த இளமை திரும்பும் என்று ஒவ்வொன்றின் மேலும் அச்சடித்திருந்தது. அதையெல்லாம் தவறாமல் குடிக்க வைப்பதுதான் அன்பு என்று நம்பினார் மனுஷர்.

பரிமளத்துக்குத் தூக்கம் போயிற்று. நெஞ்சு படபடத்தது. ஒரு வெள்ளிக்கிழமை மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தை இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னொரு தடவை இப்படி ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். குணசீலனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேராக மனைவியைக் கடைக்கு அழைத்து வந்தார்.

"டீச்சர், இன்னும் பலமா ஒரு மருந்து கொடுங்க."

லிம் பரிமளத்தின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, பசியாறிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. அத்தைக்கு ஊட்டி, துடைச்சு, துணி மாத்தவே நேரமாயிடுது. அவங்க படுக்கையில விழுந்ததிலேர்ந்து அப்படித்தான்."

அத்தை என்றது குணசீலனின் தாயாரை. பரிமளம் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

லிம் சந்தைக்குப் போய் இரண்டு வெள்ளை முள்ளங்கி வாங்கி வந்து குணசீலன் கையில் வைத்தார். ஆஸ்பத்திரி மாத்திரையை விடக்கூடாது, பொட்டலங்களை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார்.

குணசீலன் திடுக்கிட்டார். ஜின்செங் குடிப்பவர் முள்ளங்கியைத் தொடக்கூடாது, தொட்டால் ஏறிய பலமெல்லாம் இறங்கிவிடும் என்பது அந்த வைத்தியத்தில் முதல் மாதப் பாடம். அதற்காகவே வீட்டில் முள்ளங்கி சாம்பாரை அவர் தடை செய்திருந்தார்.

"நான் கொடுத்ததெல்லாம் வீணாப் போயிடுமே டீச்சர்."

"போகட்டும்னுதான் கொடுக்கிறேன். தண்ணியில வேகவைச்சு மூணு நாள் கொடுங்க."

"அதுக்கப்புறம்? அவ உடம்பு தேற வேண்டாமா?"

லிம் அவரை உட்காரச் சொன்னார்.

"சார், உங்கம்மாவை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைச்சா வலிக்காது?"

குணசீலனுக்குத் தெரியாது. வெட்கம் காது வரை ஏறியது. அவரை அறியாமலே முகம் மனைவி பக்கம் திரும்பியது.

"அக்காகிட்ட கேட்டுக் கத்துக்குங்க" என்றார் லிம். "கை பழகின பிறகு வகுப்புக்கு வந்தாப் போதும்."