எண்பத்து நாலில் நின்ற முள்

"எடை நின்னு போச்சுங்கம்மா."

வந்ததும் வராததுமாக நாச்சிமுத்து இதைத்தான் சொன்னார். கும்பிடக்கூட மறந்துபோனார்.

தவமணியம்மா ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு ஓலைக் குடில், நாலு ஆடு, ஒரு கிணறு. அவளுடைய மடம் அவ்வளவுதான். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. வந்தவருக்கோ ஐம்பது நெருங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் அம்மாதான். உபதேசம் என்று ஒன்றும் செய்யமாட்டாள். கேட்டதற்கு ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பாள். பாதிப் பேர் கடுப்பாகி அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

"எங்கே நின்னுச்சு?" என்றாள்.

"எம்பத்தி நாலுல. ஏழு வாரமாச்சு. முள்ளு அசைய மாட்டேங்குது."

"நிக்கட்டுமே."

"நின்னா எங்கக்கா செத்துப் போகும்ங்க."

தழை ஒடித்த கை நின்றது.

"உக்காருங்கய்யா."

நாச்சிமுத்து உட்கார்ந்து சொன்னார். அக்கா பாவாயிக்கு ஈரல் கெட்டுவிட்டது. சொந்தத்தில் யாராவது தன் ஈரலில் ஒரு பங்கு கொடுத்தால் பிழைக்கலாம் என்றார்கள். எல்லாம் ஒத்துப்போனது தம்பி ஒருவருக்குத்தான். ஆனால் தம்பியின் ஈரலில் கொழுப்பு. எண்பது கிலோவுக்கு இறங்கி வா, அப்புறம் கத்தி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். தொண்ணூற்றாறில் ஆரம்பித்தவர் மூன்றே மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறக்கினார். மிச்சம் நாலு. அந்த நாலு கிலோதான் பிசாசு மாதிரி பிடித்துக்கொண்டது.

"ஆவணி தாண்டினா அக்கா உடம்பே ஆபரேசனைத் தாங்காதுன்னுட்டாங்க. இன்னிக்கு ஆவணி பத்து."

"என்ன சாப்பிடுறீங்க?"

"காத்தால கம்பங்கூழு ஒரு டம்ளர். மத்தியானம் காயி, கொஞ்சூண்டு சோறு. பொழுது சாஞ்சா ஒரே ஒரு தோசை. ஆறு மைல் நடக்கிறேன். ஊரே பரிதாபப்படுது, நாச்சிமுத்து அரைப் பட்டினி கிடந்தும் குறையலேன்னு. அக்காவே எல்லார்கிட்டயும் சொல்லுது, தம்பி உடம்பு வாகு அப்படி, அவன் என்ன பண்ணுவான்னு."

"கையில என்ன?"

எவர்சில்வர் டப்பா. சாமியாரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதே என்று கொண்டுவந்தது.

"மாவுருண்டைங்க. பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய்யி. அக்கா பண்ணுனது. சனிக்கிழமை தவறாம மச்சான்கிட்ட குடுத்தனுப்பும்."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

"சாப்பிடுவீங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சாகக் கிடக்கிற அக்கா தன் கையால பண்ணித் தருது. வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? அதையெல்லாமா சாப்பாட்டுல சேப்பாங்க?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் குற்றமில்லை. வரும் வழியில் பஸ்ஸிலேயே டப்பாவில் மூன்று குறைந்திருந்தது.

"உங்களுக்கு என்ன வேலை?"

"நாமக்கல் பைபாஸ்ல எடைமேடைங்க. லாரியை ஏத்தி எடை போடுறது. இருபது வருசமாச்சு."

"காலி வண்டி எடை ஒத்து வரலேன்னா முதல்ல என்ன கேப்பீங்க?"

இதற்கு அவர் யோசிக்க வேண்டியதில்லை. "உள்ள யாருய்யான்னு கேப்பேன். எவனாச்சும் கேபின்ல குனிஞ்சு ஒளிஞ்சிருப்பான். இறங்குடான்னா இறங்குவான். எடை சரியாயிரும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டுக்குட்டி வந்து அவர் வேட்டி நுனியை மென்றது. அதைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"பயமுங்க," என்றார் கடைசியில்.

"எதுக்குப் பயம்?"

"டாக்டர் ஒரு தாள்ல ஆள் படம் போட்டு, இங்கிருந்து இங்க வரைக்கும் கீறுவோம்னு கோடு இழுத்தாரு. தண்ணி குடிச்சுட்டு வரேன்னு எந்திரிச்சவன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டேன். ஊருக்குப் போற பஸ்சுல ஏறியும் உக்காந்துட்டேனுங்க. வீங்கின காலோட அக்கா தேடிக்கிட்டு வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் கேக்கலே. ஜன்னல் வழியா ஒரு சோடா வாங்கிக் குடுத்துச்சு. வெயிலு ஜாஸ்தியா இருக்குது, நீ முன்னாடி போ கண்ணு, நானும் மச்சானும் அடுத்த பஸ்சுல வரோம்னுச்சு."

"அது நடந்து எத்தனை நாளாச்சு?"

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் இன்னொரு தரம் எண்ணினார்.

"ஏழு வாரமுங்க."

"முதல் டப்பா எப்போ வந்துச்சு?"

அந்த வாரச் சனிக்கிழமைதான். அதற்கு முன்னால் தீபாவளிக்குத் தவிர அக்கா அவருக்கு மாவுருண்டை அனுப்பியதே கிடையாது.

தவமணியம்மா டப்பாவைத் திறந்தாள். பாதி உருண்டை, பாதி மாவு.

"எப்பவும் இப்படித்தான் உதிர்ந்து கிடக்குமா?"

"இல்லீங்க. முதல் வாரம் கல்லாட்டம் இருந்துச்சு. அக்கா கை அப்படி. நாலு விரலும் மேல பதிஞ்சிருக்கும். அப்புறம் வரவர இப்படி ஆயிருச்சு. போன வாரம் ஸ்பூன்ல அள்ளித்தான் தின்னேன்."

அந்தக் கடைசி வார்த்தை அவர் காதிலேயே நாராசமாக விழுந்தது.

அவள் ஒரு பிடி மாவை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிடிங்க."

பிடித்தார். எண்பத்து நாலு கிலோ ஆளின் வலுவை எல்லாம் போட்டு இறுக்கினார். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இனிமே வராதுங்கம்மா. ஆறிப்போச்சு. நெய்யைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி, கை பொறுக்காத சூட்டுலயே பிடிச்சாத்தான்..."

அங்கேயே நின்றுவிட்டார்.

எழுந்து நிற்க ஆள் தேவைப்படுகிற அக்கா. தலை சீவிக்கொள்ளக்கூடக் கை தூக்க முடியாத அக்கா. அவள் வாரா வாரம் அடுப்போரம் உட்கார்ந்து, சுடுமாவில் கையை விட்டு, ஒவ்வொன்றாக. அவர் என்ன செய்தார்? பாசம், பாசம் என்று சொல்லித் தின்றார். ஐம்பது வயது ஆள் மேல்துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

"நான் ஒளிஞ்சுக்கறதுக்கு இடம் பண்ணிக் குடுத்திருக்குதுங்கம்மா. என்னைப் பயந்தாங்கொள்ளின்னு ஊரு சொல்லிடக் கூடாதுன்னு. தன் உசுரைப் போட்டு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஏழு வாரம். நானும் தின்னுக்கிட்டே இருந்துட்டேன்."

அவள் டப்பாவை மூடினாள்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தப் பாறை மேல ஏறினா போன் எடுக்கும்," என்றாள். மறுபடியும் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து பாறையில் ஏறினார். அக்காவின் எண்ணை அழுத்தினார். மணி வெகு நேரம் அடித்தது.

"சொல்லு கண்ணு. சாப்பிட்டயா?" அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் பஸ்சுல ஏறி உக்காந்தேனே. அது எதுக்குன்னு உனக்குத் தெரியும்தானே?"

"அன்னிக்கு வெயிலு ஜாஸ்தி கண்ணு." மூச்சு நின்று நின்று கேட்டது.

"அக்கா, நான் வரேன். நாலு கிலோதானே. நான் இறக்கிடுறேன். நீ மட்டும்..."

"உருண்டை உதிர்ந்து போச்சா கண்ணு?" என்றாள் அக்கா. "கையில வலுவே இல்லடா. வர்ற வாரம் இன்னும் கொஞ்சம் நெய் ஊத்திப் பிடிச்சு அனுப்புறேன்."