நடுமலைக்காரன் கூவின கூவல்

மூணு மலை பக்கம் பக்கமா நின்ன ஒரு சீமையில ஒரு ராஜா இருந்தாராம், கேளுங்க. அங்க சேதி சொல்ல ஓலை கிடையாது, ஒண்ணும் கிடையாது, வெறும் தொண்டைதான். கிழக்கு மலையில குருவம்மான்னு ஒருத்தி, நடுமலையில சடையாண்டின்னு ஒருத்தன், மேற்கு மலையில ராஜாவோட ஆளு. குருவம்மா ஒரு துண்டு கூவுவா, சடையாண்டி அதை அப்படியே வாங்கிக் கூவுவான், மேற்கு மலைக்காரன் அதை வாங்கி ராஜா காதுலயோ, சேர வேண்டிய வீட்டுலயோ போடுவான், அப்புறம் அடுத்த துண்டு. யாரு சேதி, என்ன சேதின்னு எவனும் கேக்கக் கூடாது. முதல்ல வந்தது முதல்ல போகணும்.

இப்படி இருக்கையில சடையாண்டிக்குத் தேன் ஆசை வந்துச்சு. ஊரு வியாபாரி மாதிரி தேன்குடம் கொண்டாந்தவன் சேதியை உச்சிப் பாறையில ஏறி உடனே கூவினான், கொண்டாராதவன் சேதியை மடியில முடிஞ்சு வெச்சுக்கிட்டான். ம் கொட்டுங்க, தூங்கிட்டீங்களா?

ஒருநாள் விடியக்காலம் குருவம்மா மக பேச்சிக்கு வலி எடுத்துடுச்சு. தலைப்பிரசவம், பிள்ளை குறுக்க கிடக்கு. மருத்துவச்சி மாரக்கா இருக்கிறதோ மேற்கு மலை அடிவாரத்துல. நடந்தா ஒரு பகல் போயிடும், ராஜா குதிரையில ஏத்தி அனுப்பினா நாலு நாழிகை. குருவம்மா ஓடிப்போய், "மாரக்காவை அனுப்புங்க!"ன்னு கூவினா. நடுமலையில என்ன சத்தம் வந்துச்சு? "வியாபாரி வீட்டுக்குப் பலாப்பழம் அனுப்புங்க!" மறுபடி கூவினா. "வியாபாரி மகளுக்குச் சலங்கை அனுப்புங்க!" மறுபடி கூவினா. "வியாபாரி வீட்டுக் கிளிக்குக் கோவைப்பழம் அனுப்புங்க!" அடப்பாவி, இங்க ரெண்டு உசுரு ஊசலாடுது, கிளிக்குக் கோவைப்பழமாம்!

"தம்பி, என் சேதியை ஏன்டா நிறுத்தி வெச்சிருக்க?"

"நிறுத்தலயே அக்கா! மெதுவா அனுப்புறேன், அவ்வளவுதான். தேன் குடுத்தவங்க முன்னாடி, மத்தவங்க பின்னாடி."

குருவம்மாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வசவு வந்துச்சு. ஆனா திட்டினா காரியம் கெட்டுடும்ல? "சரிப்பா, நாளைக்கே ஒரு குடம் தரேன். ஆனா ஒரு எழுத்து விடாம கூவணும்"னா.

"ஒரு எழுத்து விட்டா என் நாக்கு அழுகிப் போவும்!"ன்னு சத்தியம் பண்ணிட்டு அவன் உச்சிப் பாறையில ஏறிட்டான்.

"மாரக்காவைக் குதிரையில அனுப்புங்க, பிள்ளை குறுக்க கிடக்கு!" குருவம்மா கூவினா, அவனும் கூவினான். மேற்கே குதிரை கிளம்பிடுச்சு.

"விடியக்காலம் கூவின கூவல், உச்சிவெயில்லதான் வந்து சேருது!" அவனும் கூவினான். ராஜா திரும்பிப் பாத்தாரு.

"அதை அமுக்கி வெச்சுத் தேன் நக்கினவன் நடுமலைச் சடையாண்டி!" வாங்கின வேகத்துல அதையும் நெஞ்சு புடைக்கக் கூவிட்டான். வாய் முந்திக்கிச்சு, புத்தி பின்னால வந்துச்சு. கூவி முடிச்சப்புறம்தான் அது யாரு பேருன்னு அவனுக்கே உறைச்சுது. கூவினதை இனி முழுங்க முடியுமா?

பொழுது சாயறதுக்குள்ள மாரக்கா வந்துட்டா. பேச்சி பிழைச்சா, பொண்ணு பொறந்துச்சு. குருவம்மா பாறையில உக்காந்து வாய்விட்டு அழுதா, பாவம், காலையில இருந்து அடக்கி வெச்ச அழுகை. மறுநாள் சொன்னபடி தேன்குடமும் கொடுத்தனுப்பினா. அவனுக்குத்தான் ஒரு சொட்டு உள்ள இறங்கல.

ராஜா என்ன சொன்னாரு தெரியுமா? "நடுமலைக்கு வேற ஆளு போடுங்க. டேய் சடையாண்டி, நீ இத்தனை நாளா அமுக்கி வெச்ச சேதி அத்தனையும் வீடு வீடா நடந்து போய் உன் வாயாலயே சொல்லிட்டு வா." போனான். கல்யாணம் முடிஞ்சு பிள்ளையே பொறந்த வீட்டுல போய், "கல்யாணத்துக்கு வரச் சொன்னாங்க"ன்னா என்ன கிடைக்கும்? விளக்குமாறுதான் கிடைச்சுது. வீட்டுக்கு வீடு கிடைச்சுது.

வழியில நிக்கிறவன் வேலை சேதியைக் கடத்தி விடுறதுதான் கண்ணுங்களா, அது யாரோடதுன்னு பாக்குறது இல்ல. சடையாண்டி இன்னும் நடந்துக்கிட்டு இருக்கான், என் வாய்க்குத்தான் ஓய்வு வேணும்.