சத்தத்துக்கு மேல் ஒரு முறுக்கு

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யருக்கு அறுபத்திரண்டு.

குரு பெனாசிர், தென்காசியில் கார் பட்டறை வைத்திருப்பவள். சிஷ்யர் குற்றாலிங்கம், தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக் காரின் வேலையைத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஆறு மாதமாக அவளிடம் வந்துகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட கையில் இப்போது கிரீஸ் பட்டால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று காலை மகள் சங்கரியின் காரில் முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டார். நட்டுகளை எதிரெதிராகப் பூட்டினார். நட்டு தேவையான அளவு இறுகியதும் டார்க் ரென்ச் 'டக்' என்று சத்தம் போடும்; அதோடு நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

நிறுத்தினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வீல் ஸ்பேனரில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, ஒவ்வொரு நட்டையும் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை.

"என்ன பண்ணுதீங்க சார்?"

பெனாசிர் பின்னால் நின்றாள். மனுஷன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"சத்தம் வந்துச்சும்மா. மனசுதான் கேக்கல."

"ஏன் சார்?"

"தினமும் ஆரியங்காவு மலையில தனியா ஓட்டிட்டு வேலைக்குப் போறா. எனக்கு ஒரே பிள்ளை. வழியில சக்கரம் கழண்டுச்சுன்னா? நீயே சொல்லும்மா, எவ்வளவு முறுக்கினா கழலவே கழலாது?"



பெனாசிர் வாசல் பக்கம் திரும்பினாள். வேலைக்குக் கிளம்பி, சாவியோடு காத்திருந்த சங்கரியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க வண்டி டிக்கியில ஸ்பேனர் இருக்கும். எடுத்து ஒரு நட்டைக் கழட்டுங்க பாப்போம்."

சங்கரி சிரித்துக்கொண்டே எடுத்து வந்தாள். குந்தி உட்கார்ந்து அழுத்தினாள். நட்டு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினாள். ஸ்பேனர் நழுவி, விரல் முட்டி தரையில் உரசி ரத்தம் கசிந்தது.

குற்றாலிங்கம் பதறிப்போனார்.

"விடும்மா, விடு! அப்பா கழட்டித் தாரேன்" என்று குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

பெனாசிர் குறுக்கே கையை நீட்டினாள்.

"மலையில பஞ்சர் ஆச்சுன்னா, இப்படியே குழாயத் தூக்கிட்டு ஓடி வருவீங்களா சார்?"