கோயிலுக்கு மட்டும் ஓடின கார்

நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஆச்சிரமம். அங்கே ஒரு சாமி. சாமிக்கு ஒரு சீடர், பெயர் வீரசிங்கம்.

சாமிக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபது. அதனால் சாமி தன் சீடரை "வீரசிங்கம் அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். கும்பிட வந்த சனம் இதைக் கேட்டு முழிக்கும். வீரசிங்கம் அவர்களை மெல்ல வாசல் படலையடிக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

"அது சாமியின்ர பணிவு. உண்மையான வயசைச் சொன்னால் நம்பமாட்டியள். எழுபத்திரண்டு."

"எழுபத்திரண்டோ! ஒரு நரைமயிர் இல்லையே!"

"இமயமலையில முப்பது வருசம் இருந்தவர். அந்தக் குளிருக்கு நரை எப்பிடி வரும்?"

சாமி இமயமலையைக் கலண்டரில் பார்த்ததோடு சரி. ஆனால் பாருங்கோ, வீரசிங்கம் இதைப் பொய் என்று நினைத்துச் சொல்வதில்லை. வாழ்நாளில் பாதியைப் பழைய வாகனம் விற்பதிலேயே கழித்த வாய் அது. நல்ல சாமானாகவே இருந்தாலும், உள்ளதை உள்ளபடி சொன்னால் சனம் திரும்பியும் பார்க்காது என்பது அவர் கண்ட அனுபவம். சாமி நல்ல சாமான். அதைச் சனத்துக்கு விளங்கப்படுத்துகிறார், அவ்வளவுதான்.

அவருக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. சாமியின் கையால் காவி வாங்கிக் கட்ட வேண்டும். புரோக்கர் வீரசிங்கம் என்கிற பெயர் அதோடு தொலைய வேண்டும். மூன்று வருசமாக வெள்ளை வேட்டியோடு முற்றம் கூட்டுகிறார், தண்ணி அள்ளுகிறார், விடியப்புறம் மணி அடிக்கிறார்.

"சாமி, காவி எப்ப?"

"பார்ப்பம் அண்ணை."

ஆச்சிரமத்திலிருந்து முதியோர் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு போகும். சைக்கிளில்தான் போகும். போய்ச் சேரும்போது சாம்பாரில் பாதி வீரசிங்கத்தின் வேட்டியில் இருக்கும். பசியோடு இருக்கிற கிழடுகள் வேட்டியையே பார்த்துக்கொண்டிருக்குமாம். ஒரு பழைய கார் எடுத்தால் நல்லது என்று முடிவாயிற்று.

"கார் எடுக்கிறது உங்கட பொறுப்பு அண்ணை," என்றார் சாமி. "ஒரு பொய்யும் வாங்கக்கூடாது. ஒரு பொய்யும் சொல்லக்கூடாது. அப்பிடி எடுத்தியளெண்டால் அண்டைக்கே காவி."

வீரசிங்கத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சாமி, இது எனக்கு வைக்கிற சோதினையோ, தாற பரிசோ? பொய் சொல்லுறது விக்கிறவன்ர வேலையெல்லோ. வாங்கப் போறவன் என்னத்துக்குப் பொய் சொல்லுறான்?"

"நானும் வாறன்," என்றார் சாமி.

கோண்டாவிலில் பழைய கார்கள் விற்கிற ஒரு வளவு. முதலாளி பகீரதன், இளந்தாரி, வாய் தேன். சாமியை மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருத்தி, ஒரு சோடாவும் உடைத்துக் கொடுத்துவிட்டு, வீரசிங்கத்தை ஒரு வெள்ளைக் காரடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணை, இது ஜப்பானில இருந்து நேர வந்து இறங்கின சாமான். எங்கட ரோட்டில ஒரு நாளும் ஓடேல்லை. அங்க ஒரு வயசுபோன மனுசி கிழமைக்கு ஒருக்கால் கோயிலுக்குப் போக மட்டும் ஓடினது. மீற்றரைப் பாருங்கோ. முப்பத்தெட்டாயிரம்."

"அந்த மனுசி இப்பவும் உயிரோட இருக்கிறாவோ தம்பி?"

"ஏன் அண்ணை?"

"நான் தொழில் செய்யேக்கை அவவின்ர காரெண்டு சொல்லியே ஒரு நாற்பது கார் வித்திருப்பன். அவ்வளவு காரையும் வச்சுக்கொண்டு கோயிலுக்கு மட்டும் என்னெண்டு போனவ?"

பகீரதன் காரின் கதவைத் திறந்து விட்டான்.

வீரசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிரேக் மிதிக்கிற இடத்து ரப்பரை விரலால் தடவினார். வழுவழுவென்று கிடந்தது.

"முப்பத்தெட்டாயிரத்துக்கு இவ்வளவு தேய்மானமோ? மனுசி ஒவ்வொரு நாளும் கதிர்காமத்துக்கெல்லோ போய் வந்திருக்கிறா."

"அது... ஜப்பான் ரப்பர் கொஞ்சம் மெது, அண்ணை."

"ஜப்பானில ஏலம் விட்ட கடதாசியைக் கொண்டா."

கொண்டு வந்தான். வீரசிங்கம் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கிலோமீற்றர் எழுதின இடத்தில் வெள்ளை பூசி, அதற்கு மேலே முப்பத்தெட்டாயிரம் உட்கார்ந்திருந்தது.

"கையெழுத்து வடிவாயிருக்கு. உன்ர மனுசி எழுதினவவோ?"

பகீரதன் கடதாசியை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். வீரசிங்கம் பின் ஆசனத்தைத் தூக்கி, அதற்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். கையை விரித்தபோது உள்ளங்கையில் காய்ந்த மல்லிகைப் பூவும், கலியாணத்தில் தூவுகிற அறுகரிசி ஒரு பிடியும்.

"ஜப்பான் கோயிலில அறுகரிசி போடுறவையோ தம்பி?"

"அண்ணை, எல்லாரும் செய்யிறதுதானே," என்று பகீரதன் குரலைத் தாழ்த்தினான். "உள்ளதைச் சொன்னால் ஆர் வாங்கப் போயினம்?"

அந்த ஒரு சொல் போதும், வீரசிங்கத்துக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. காவி கட்டப் போகிற மனுசன் எல்லோ.

"எடேய், ஆருக்கு முன்னால நிண்டு பொய் சொல்லுறாய் எண்டு தெரியுமோ உனக்கு? அந்தா, மாமரத்துக்குக் கீழ இருக்கிறாரே, அவருக்கு எழுபத்திரண்டு வயசு! முப்பது வருசம் இமயமலைப் பனிக்குள்ள இருந்தவர்! அவர் ஒருக்கால் பார்த்தாரெண்டால் உன்ர வளவில ஒரு காரும் ஸ்டார்ட் ஆகாது!"

பகீரதன் திரும்பிப் பார்த்தான். சாமி ஸ்ட்ரோவால் சோடாவின் கடைசித் துளியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை.

"எழுபத்திரண்டோ!" என்றவன் ஓடிப் போய்க் காலில் விழுந்தான். "சாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ஓடின கார். இங்க இறக்கி நாலு வருசம். கொழும்பில கலியாணத்துக்கு வாடகைக்கு விட்டது. எஞ்சின் மட்டும் சத்தியமா நல்லம் சாமி."

"எழும்பும் தம்பி. விலையை அண்ணையோட கதையும்," என்றார் சாமி.

பிறகென்ன, விலை கடகடவென்று இறங்கியது. வீரசிங்கம் தானே காரை உரும்பிராய் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் உண்மையிலேயே நல்லம். திரும்பி வரும்போது மனசுக்குள் காவியைக் கட்டி, கண்ணாடியிலும் ஒருக்கால் பார்த்துக்கொண்டார். ஒரு பொய்கூட வாங்கவில்லை.

பகீரதன் பத்திரத்தையும் பேனையையும் எடுத்தான். "ஆற்ற பேருக்கு மாத்துறது?"

"என்ர பேருக்கு," என்றார் வீரசிங்கம்.

"இல்லை அண்ணை. சாமிக்காகத்தானே இந்த விலைக்குத் தாறன். சாமியின்ர பேருக்குத்தான் எழுதுவன். சாமியின்ர அடையாள அட்டையைத் தாங்கோ."

வீரசிங்கம் இடையில் பாய்ந்தார்.

"சாமிமாரிட்ட அடையாள அட்டை கேக்கிறதோ? இமயமலையில ஆரடாப்பா அட்டை அடிச்சுக் குடுக்கிறது?"

"அப்ப கிராமசேவகரிட்ட ஒரு கடிதம் எடுத்து, சாமி கைநாட்டு வச்சால்..."

"அவருக்குக் கைநாட்டும் கிடையாது! ரேகையெல்லாம் பனியில அழிஞ்சு போச்சு!"

"இந்தாரும் தம்பி," என்று சாமி தன் துணிப்பையிலிருந்து பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

வீரசிங்கம் மாமரத்தில் எத்தனை காய் என்று எண்ணத் தொடங்கினார்.

பகீரதன் அட்டையைப் பார்த்தான். பிறந்த வருசத்திலிருந்து விரல் விட்டு எண்ணினான். மற்றக் கையாலும் எண்ணினான்.

"சாமி... இதில நாற்பத்தொண்டெண்டெல்லோ வருது."

"ஓம்."

"பிறந்த இடம் கொடிகாமம்."

"ஓம்."

"தொழில்... பேக்கரி?"

"பாண் போட்டனான்."

"அப்ப அந்த எழுபத்திரண்டு?"

சாமி வீரசிங்கத்தின் பக்கம் பார்க்கவில்லை. கார்க் கதவால் எட்டி மீற்றரைப் பார்த்தார்.

"காருக்குக் குறைச்சால்தான் விலைப்படும் தம்பி. சாமிக்குக் கூட்டினால்தான் விலைப்படும். அண்ணைக்கு ரெண்டு தொழிலும் தெரியும்."

பகீரதனுக்கு வந்த சிரிப்பு பத்திரம் எழுதி முடியுமட்டும் நிற்கவில்லை. ரெண்டு தரம் பிழை விட்டு வெட்டி எழுதினான். ஆனால் பேசின விலையில் ஒரு சதம் கூட்டவில்லை. போகும்போது சாமியைத் திரும்பவும் விழுந்து கும்பிட்டான், இந்தமுறை சிரித்துக்கொண்டே.

காரை வீரசிங்கம்தான் ஓட்டினார். கோப்பாய்ச் சந்தி வரைக்கும் கோர்ன் அடிக்க வேண்டிய இடத்திலும் அடிக்கவில்லை.

"சாமிக்கு முதலே தெரியுமோ?" என்று ஈனக் குரலில் கேட்டார்.

"நீங்கள் படலையடியில சொல்லுறது கேக்காமலிருக்க, எங்கட படலை என்ன, பக்கத்து ஊரிலயே இருக்கு அண்ணை?"

இன்னும் கொஞ்சத் தூரம் போயிற்று. வாழைத் தோட்டங்கள் தெரியத் தொடங்கிவிட்டன. இனிக் கேட்காவிட்டால் ஆச்சிரமம் வந்துவிடும்.

"அப்ப சாமி, என்ர காவி?"

"அதை இமயமலைச் சாமியிட்டக் கேளுங்கோ அண்ணை. அவரை இறக்கினது நீங்கள்தானே. நான் கொடிகாமத்தில பாண் போட்டவன்."