வாழ்கவா, ஒழிகவா?

கணினிப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துக்குச் சிங்காரவேலுதான் தலைவர். விருது கிடைத்ததோ அவருக்குக் கீழே இருந்த இளம்பரிதிக்கு. பாஸ்வேர்டு கம்ப்யூட்டரிலிருந்து திருடு போவதைவிட மனுஷன் வாயிலிருந்து நழுவுவதே அதிகம் என்பது அவன் ஆராய்ச்சி. பாராட்டு விழாவில், "இதை எனக்குச் சொன்னதே டீ கொடுக்கும் தவமணியக்காதான்" என்றும் சொல்லிவிட்டான். தலைவருக்கு வயிறு பற்றி எரிந்தது. விழாக் கூடத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்த தவமணியை மேடையிலிருந்தே கூப்பிட்டார்.

"அவ்வளவு கெட்டிக்காரியா நீ? எங்கே, என் பாஸ்வேர்டைச் சொல்லு. சொல்ல முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

தவமணி டீத்தட்டை இறக்கி வைத்தாள்.

"தெரியுமே சார். 'இளம்பரிதி வாழ்க'தானே?"

"என்னது, அவன் வாழ்கவா? 'ஒழிக'ன்னுல்ல வச்சிருக்கேன்!"

முன்வரிசையில் இளம்பரிதி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தான்.

"பாதி நான் சொன்னேன், மீதியை நீங்களே சொல்லிட்டீங்க. நாளைக்கு டீ கொண்டுவரவா, சார்?"