அசமந்தபுரத்து ஆலோசனைச் சபை

அசமந்தபுரம் என்றொரு சிறிய சமஸ்தானம் இருந்தது. இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை.

ஊரில் தொழில் என்று ஒன்றுதான் உண்டு. ஆற்றங்கரையில் செங்கமலத்தம்மாளின் கண்ணாடி உலை. விளக்குகளுக்கு வேண்டிய கண்ணாடிகளை அங்கே ஊதிச் செய்தார்கள். அந்த அம்மாளின் மாமியார் மூட்டிய நெருப்பு அன்றிலிருந்து அணைந்ததில்லை. அணைந்தால் உருகிய கண்ணாடி இறுகும். இறுகினால் அதை உருக்கும் பானை வெடிக்கும். பானை வெடித்தால் உலையே போயிற்று. இதை அந்த ஊரில் குழந்தைகளும் அறியும். பெரியவர்களைப் பற்றியதே இந்தக் கதை.

அந்த ஆண்டு ஆனி மாதத்தில் அரசர் மகளுக்குத் திருமணம். மாலையில் மாப்பிள்ளை ஊர்வலம். ஆனிக் காற்றில் கண்ணாடி இல்லாத விளக்கு ஒரு நொடி நிற்காது. ஆகவே ஊர்வல விளக்குகள் அனைத்துக்கும் கண்ணாடி செய்யும் பொறுப்பைச் செங்கமலத்தம்மாளிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத் திவான் ஐரோப்பாவிலிருந்து திரும்பினார். அங்கே தொழில் குறித்து அரசு ஒன்றைச் செய்யுமுன் முதலாளிகள், தொழிலாளிகள், இரண்டிலும் சேராத பொதுமக்கள் ஆகிய மூன்று தரப்பாரையும் ஒரு சபையில் அமர்த்திக் கருத்துக் கேட்கிறார்கள் என்று கண்டு வந்திருந்தார். நல்ல ஏற்பாடுதான். கொண்டுவந்து இறக்கிய இடம் சரியில்லை.

அசமந்தபுரத்துச் சபைக்கு முதலாளிகள் சார்பில் தாண்டவராயர் தலைவரானார். அவரிடம் யாரும் வேலை பார்த்ததில்லை. ஆனால் எல்லோரையும் அதட்டுவார். தொழிலாளிகள் சார்பில் மாசிலாமணி. வேலை செய்கிறவனுக்குச் சபைக்கு வர நேரம் ஏது என்று யோசித்து, ஒரு நாளும் வேலை செய்யாத அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டிலும் சேராதவர் குப்பாண்டி. அவர் தம் பதவியை மிகவும் மதித்தார். மாடு வைத்திருந்தால் முதலாளி ஆகிவிடுவோம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டார். குடையைத் தூக்கினால் தொழிலாளி ஆகிவிடுவோம் என்று மழையில் நனைந்தார்.

திவான் சொன்னது இவ்வளவுதான்: “தொழிலில் எது நடப்பதானாலும், நடப்பதற்கு முன் உங்கள் கருத்து இருக்க வேண்டும். அதனால் பாதிக்கப்படும் அனைவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.” சொல்லிவிட்டுத் திருமண வேலைக்குப் போய்விட்டார். முட்டாள்களிடம் பேசுகிறவர்கள் இன்னும் சற்று நேரம் நின்று பேச வேண்டும்.

சபை கூடியது.

“நம் ஊரில் உலை ஒன்று எரிகிறது,” என்றார் தாண்டவராயர். “அதை மூட்டுவதற்கு முன் நம் கருத்தைக் கேட்டார்களா?”

“அப்போது நாம் பிறக்கவே இல்லையே, அண்ணாச்சி,” என்றார் மாசிலாமணி.

“பிறக்காதது நம் குற்றமா? காத்திராதது அவர்கள் குற்றம்.”

“சரி, இப்போது சொல்லிவிடுவோமே.”

“இப்போது சொன்னால் அது மூட்டிய பின். திவான் முன் என்றல்லவா சொன்னார்?”

மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். குப்பாண்டி தொண்டையைச் செருமினார்.

“இப்போது அதை அணைத்துவிட்டால், அடுத்த முறை மூட்டுவதற்கு முன் என்று ஆகிவிடுமே?”

தாண்டவராயர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். “குப்பாண்டி, நீர் ஐரோப்பாவில் பிறந்திருக்க வேண்டியவர்!”

அரண்மனைக் காவலர்களை அழைத்துக்கொண்டு மூவரும் உலைக்குப் போனார்கள். செங்கமலத்தம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

“என்னய்யா கூட்டமா வந்திருக்கீங்க? கல்யாணத்துக்குப் பாதிக் கண்ணாடிகூட இன்னும் ஊதி முடிக்கல. வழிய விடுங்க.”

“அம்மா, இந்த உலையின் எதிர்காலம் குறித்துக் கருத்துக் கூற வந்திருக்கிறோம்,” என்றார் தாண்டவராயர்.

“கூறிட்டுப் போங்க. யாரு வேணாம்னா?”

“அதற்கு முதலில் இதை அணைக்க வேண்டும்.”

அவள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். “வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா? அணைஞ்சா பானை வெடிச்சிரும்யா. இத்தனை குடும்பம் இந்த நெருப்ப நம்பித்தான் சோறு திங்குது.”

“அந்தக் குடும்பங்களின் சார்பில்தான் நான் வந்திருக்கிறேன்,” என்றார் மாசிலாமணி பணிவோடு.

“நீயா? உன் சார்பில உன் பொண்டாட்டியில்ல உழைக்கிறா!”

காவலர்கள் விறகை வெளியே இழுத்துப் போட்டார்கள். நெருப்புத் தணிந்தது. அடுத்து, பாதிக்கப்படும் அனைவரையும் கேட்க வேண்டுமல்லவா? நெருப்பினால் முதலில் பாதிக்கப்படுவது விறகு. தாண்டவராயர் விறகுக் கட்டின் முன் நின்று அதன் கருத்தைக் கேட்டார். அது பேசவில்லை.

“நடுநிலை வகிக்கிறது,” என்றார் மாசிலாமணி.

மணலைக் கேட்டார்கள். அதுவும் நடுநிலை. ஊதுகுழலைக் கேட்டார்கள். ஊதினால்தான் பேசும் போலிருந்தது. ஊதுவது வேலை என்பதால் குப்பாண்டி மறுத்துவிட்டார். கடைசியாகப் பானையிடம் வந்து குனிந்தபோது உள்ளேயிருந்து டமார் என்று ஒரு சத்தம் எழுந்தது.

“பானை போச்சே!” என்று அலறினாள் செங்கமலத்தம்மாள்.

“பதறாதீர்கள், அம்மா. காலையிலிருந்து வாய் திறந்து பேசியது இது ஒன்றுதான்,” என்றார் தாண்டவராயர் நெகிழ்ந்து.

“என்ன பேசுச்சாம்?”

“அதைத்தான் இனி விவாதிக்கப்போகிறோம்.”

விவாதித்தார்கள். பொழுது சாயும் வரை, ஆறிய உலையின் முன்னாலேயே உட்கார்ந்து விவாதித்தார்கள். முடிவில் மூன்று தரப்பும் ஒருமனதாக ஒரு கருத்துக்கு வந்தன. தாண்டவராயர் எழுந்து நின்று உரக்கக் கூறினார்: “இந்த உலை இரவும் பகலும் எரிய வேண்டும். எக்காரணம் கொண்டும் இதை அணைக்கக் கூடாது!”

பிறகு செங்கமலத்தம்மாளிடம் திரும்பிப் புன்னகைத்தார். “இனி நீங்கள் தாராளமாக மூட்டலாம்.”

“எதுல மூட்ட? உன் தலையிலயா?”

தாண்டவராயர் சற்று யோசித்தார். “அது புதிய இடம். தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.”

அந்த அம்மாள் ஊதுகுழல்களையும் அதுவரை செய்து முடித்திருந்த கண்ணாடிகளையும் படகில் ஏற்றிக்கொண்டு, உலையாட்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் அக்கரைச் சமஸ்தானத்துக்குப் போய்விட்டாள். அக்கரையார் அவளிடம் கருத்து எதுவும் சொல்லவில்லை. செங்கல் கொடுத்தார்கள்.

திருமண நாள் வந்தது. மாலையில் மாப்பிள்ளை குதிரை ஏறினார். மேளம் முழங்கியது. பொழுது மறைந்ததும் ஆனிக் காற்று தெருமுனையிலிருந்து ஒரு முறை வீசியது; அத்தனை விளக்கும் ஒன்றாக அணைந்தன. நாதஸ்வரக்காரர் சாக்கடையில் விழுந்தார். குதிரை யாரையோ மிதித்தது. ஆற்றுக்கு அக்கரையிலோ தெருத் தெருவாக விளக்குகள் அசையாமல் நின்று எரிந்தன.

“ஏன் இப்படி இருட்டாகக் கிடக்கிறது?” என்று கத்தினார் திவான். “சபையைக் கூப்பிடு!”

சபை தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தது.

“சூரியன் மறைந்ததால் இருட்டு, ஐயா,” என்றார் தாண்டவராயர். “மறைவதற்கு முன் எங்கள் கருத்து கேட்கப்படவில்லை.”

திவான் திடுக்கிட்டார். “கேட்கப்படவில்லையா?”

“நேற்றும் கேட்கப்படவில்லை. நாங்கள்தான் பெருந்தன்மையாக விட்டுவிட்டோம்.”

“இனி விடக்கூடாது,” என்றார் திவான். ஐரோப்பாவுக்குப் போய் வந்தாலும் அவர் பிறந்த ஊர் அசமந்தபுரந்தான்.

மூவரும் நடுத்தெருவில் மேற்கு நோக்கி அமர்ந்து, சூரியன் மறைந்தது செல்லாது என்றும், உடனே திரும்பி வர வேண்டும் என்றும் கருத்துக் கூறினார்கள். கூறிவிட்டு மேற்கையே பார்த்திருந்தார்கள். திவானும் மாப்பிள்ளையும் ஊர்வலமும் நின்ற இடத்திலேயே காத்திருந்தார்கள். விடியும் நேரத்தில் குப்பாண்டிக்கு முதுகு சுட்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி! வந்துவிட்டார்! நமக்குப் பின்னால் நிற்கிறார்!”

“முன்னால் வந்து முகம் காட்ட வெட்கமாக இருக்கும்,” என்றார் தாண்டவராயர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திவான் அன்றைக்கே ஐரோப்பாவுக்கு ஓர் ஆளை அனுப்பி ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: “நீங்களும் சபை கூட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அதற்காக உங்கள் ஊரில் சூரியன் ஒரு நாளாவது திரும்பி வந்ததுண்டா?”